வரம்பும் வரப்பும்: மண்ணால் எழுப்பிய எல்லை

"வரம்பு மீறிப் பேசாதே" என்று வீட்டில் கண்டிக்கிறோம். "வரப்பு மேல நடந்து வா, நாத்த மிதிச்சிராத" என்று வயலில் சொல்கிறோம். ஒன்று நடத்தையைப் பற்றியது, மற்றொன்று சேற்று மண்ணைப் பற்றியது. ஆனால் இரண்டும் ஒரே சொல். தமிழ்நாட்டுப் பேச்சில் அது இரண்டாகப் பிரிந்து, வயலுக்கு வரப்பு, ஒழுக்கத்துக்கு வரம்பு என்று பங்கு போட்டுக்கொண்டது. ஈழத்தில் அந்தப் பங்கீடு நடக்கவில்லை. மட்டக்களப்பு வயலில் இன்றைக்கும் வரம்பு கட்டுகிறார்கள், வரம்பில் நடக்கிறார்கள். மலையாளத்திலும் நெல்வயலின் மண்மேடு வரம்புதான்.

ஒலி எப்படி மாறியது என்பது எளிது. மெல்லின ஒற்று வல்லின ஒற்றாகத் திரிவது தமிழின் பழைய பழக்கம். இரும்பு, பாதையோடு சேர்ந்தால் இருப்புப்பாதை. கரும்பின் சாறு கருப்பஞ்சாறு. மருந்திலிருந்து மருத்துவம். வரம்பு வரப்பானதும் அதே வழியில்தான். மற்ற சொற்களில் இந்தத் திரிபு பெரும்பாலும் இன்னொரு சொல்லோடு சேரும்போது வருகிறது. வரப்போ தனிச் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

வயல் மேட்டுக்கு வரம்பு என்ற வடிவம் பழையது என்பதற்குக் கம்பரே சாட்சி. கோசல நாட்டின் வளத்தைப் பாடும்போது "வரம்பு எலாம் முத்தம்" என்று தொடங்குகிறார். வரப்பெல்லாம் முத்துக் கிடக்கிறதாம். அதே பாட்டில் மடை, குரம்பு, பரம்பு, கரம்பு என்று வயல்காட்டுச் சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. குரம்பு என்பது நீரைத் தடுக்கும் செய்கரை. கரம்பு என்றால் பயிர் வைக்காத நிலம். பாடப்படுவது கோசலம் என்றாலும் சொற்கள் எல்லாம் நம் வயலில் புழங்குகிறவை. பிற்கால ஔவையின் பெயரில் வழங்கும் "வரப்புயர" என்ற வாழ்த்து இன்றைய வடிவத்தைக் கொண்டிருக்கிறது. வரப்பு உயர்ந்தால் நீர் உயரும், நீர் உயர்ந்தால் நெல் உயரும் என்று படிப்படியாக அரசன் வரை போகிற வாழ்த்து அது. அந்த முதல் படியின் கணக்கைக் கீழே பார்ப்போம்.

வரம்புக்கு நெருங்கிய உறவு வரை என்ற சொல். கோடு போடுவது வரைதல். அளவு கட்டுவது வரையறை. "இதுவரை", "அதுவரை" என்கிறோமே, அந்த வரையும் எல்லைதான். ஆகவே வரப்பு என்ற சொல்லின் உள்ளே மண்ணும் இல்லை, மேடும் இல்லை. இருப்பது எல்லை என்ற எண்ணம் மட்டுமே. தண்ணீர் இதற்கு மேல் போகக் கூடாது, என் நிலம் இதோடு முடிகிறது என்ற இரண்டையும் ஒரே மண்மேட்டின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். வரப்பில் ஏற்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வேலையும் ஒன்றோடொன்று மோதுவதால் வருபவை. இதைப் புரிந்துகொண்டால் வரப்பைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி.

கரை, அணை, கட்டு, பண்ட்

மண்ணைக் குவித்து எழுப்பியதெல்லாம் வரப்பு ஆகாது. தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்பது கரை: ஏரிக்கரை, வாய்க்கால் கரை. ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே நிற்பது அணை. நிலத்தைச் சுற்றி நின்று, அதன் மேல் மெல்லிய நீரைப் பிடித்து வைப்பது வரப்பு. பேசும்போது இவை ஒன்றோடொன்று கலக்கும். ஆனால் வயல் வேலை செய்கிறவர் வாய்க்கால் கரையை வரப்பு என்று சொல்லிக் கேட்பது அரிது.

ஈழத்தில் ஏரிக்கரைக்குக் குளக்கட்டு என்று பெயர். தெலுங்கில் வரப்பும் கரையும் கட்டு என்ற அதே வேரிலிருந்து வந்த 'கட்டு'. இங்கே சொல் எல்லையை நினைக்கவில்லை, கட்டிப்போடுவதை நினைக்கிறது. பாரசீகமும் அப்படித்தான். 'பந்த்' என்றால் அங்கே கட்டு, தடுப்பு, அணை. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் அதைப் பண்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரியின் கரைக்கு டேங்க் பண்ட் என்ற பெயர் அப்படி வந்தது. சாங்காய் நகரத்து ஆற்றங்கரைத் தெருவுக்கும் அந்த ஆங்கிலேயர்தான் அதே சொல்லைக் கொண்டுபோனார்கள். நம் பொதுப்பணித்துறை ஆட்களும் ஒப்பந்தக்காரர்களும் ஏரி பண்ட் என்று சொல்வது இந்த வழியில் வந்தது.

இந்தப் பாரசீகச் சொல்லின் பிள்ளைகள் தமிழில் எத்தனை என்று பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பத்திரத்தில் நான்கு எல்லையைக் குறிக்கும் செக்குபந்தி, தாலுகா அலுவலகத்து ஜமாபந்தி, போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் அதே கட்டுதான். கடை அடைக்கும் பந்த்தும் இந்தக் குடும்பம்தான். வடமொழிப் பந்தம் இவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆக, நம் நிலத்தின் எல்லையைப் பத்திரத்தில் எழுதுவது கட்டு என்ற சொல், வயலில் காட்டுவது எல்லை என்ற சொல்.

கேரளத்துக் குட்டநாட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. அங்கே கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த பாடங்களில், அதாவது நெல்வயல்களில், நெல் விளைகிறது. காயல் நீரைத் தடுத்து நிற்கும் பெரிய வெளிக்கரைக்குப் பண்டு என்று பெயர். உள்ளே வயலுக்கு வயல் பிரிக்கும் சின்ன மேட்டுக்கு வரம்பு. பிடித்துக் கட்டுவது பண்டு, பிரித்துக் காட்டுவது வரம்பு.

ஒரு வரப்பு எவ்வளவு தண்ணீரைத் தாங்குகிறது?

1 ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்தினால் 202 கன மீட்டர், அதாவது 2 லட்சம் லிட்டர். வரப்பு இன்னும் 5 சென்டிமீட்டர் நீரைத் தாங்கும் உயரத்தில் இருந்தால், நல்ல மழை ஒன்றில் இன்னொரு 2 லட்சம் லிட்டர் வாய்க்காலுக்கு ஓடாமல் வயலிலேயே நிற்கும். "வரப்புயர நீர் உயரும்" என்பதன் கணக்கு இவ்வளவுதான். ஒரு சாண் கூட வேண்டாம், 3 விரற்கடை உயரத்தில் இவ்வளவு நீர்.

அந்த 1 ஏக்கர் சரியான சதுரமாக இருந்தால் பக்கம் 63.6 மீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 254 மீட்டர். அடியில் 40, மேலே 25, உயரம் 25 சென்டிமீட்டர் என்ற சாதாரண வரப்பை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு 0.08 கன மீட்டர் மண், மொத்தம் சுமார் 20 கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. இவ்வளவு மண்ணும் அந்த வயலிலிருந்தே வந்தது, அந்த வயலைச் சுற்றியே நிற்கிறது. மழையில் கரைந்து ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் உள்ளே இறங்குகிறது. அதனால்தான் ஒவ்வொரு பருவமும் அதை எடுத்துத் திரும்ப மேலே வைக்கிறோம்.

வரப்பில் மடை என்ற வாய் ஒன்று உண்டு. தண்ணீர் உள்ளே வரும் வாய், வெளியே போகும் வாய். வெளியே போகும் வாயின் அடிமட்டம்தான் வயலின் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே வரப்பின் உச்சி எல்லா இடத்திலும் அந்த வாயைவிட நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். எங்காவது ஒரு கை தாழ்ந்திருந்தால் பெருமழையில் தண்ணீர் அந்த இடத்தைத்தான் மடையாக எடுத்துக்கொள்ளும். வழிகிற நீர் வெளிப்பக்கத்து மண்ணை அரித்து, பள்ளம் உள்நோக்கி ஏறி, ஒரே இரவில் வரப்பு வாய் பிளந்துவிடும். வடிமடைக்குக் கீழே விழும் இடத்தில் ஒரு தட்டையான கல்லோ, வைக்கோல் புரியோ போட்டு வைப்பது இந்த அரிப்புக்காகத்தான்.

அண்டை வெட்டுதல், சேறு அணைத்தல்

வரப்பைப் புதுப்பிக்கும் வேலைக்கு அண்டை வெட்டுதல் என்று பெயர். முதல் தண்ணீர் விட்டு வயல் ஒன்றிரண்டு நாள் ஊறிய பிறகு தொடங்க வேண்டும். காய்ந்த வரப்பை வெட்டினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வரும், உள்ளே வெடிப்பு விழும். ஊறிய வரப்பில் மண்வெட்டி வெண்ணெயில் போவதுபோல இறங்கும்.

வயல் பக்கத்துச் சரிவை 2, 3 அங்குலம் செதுக்கி எடுக்க வேண்டும். அதோடு அறுகும் கோரையும் வேரோடு வரும். செதுக்கிய முகத்தில் வளைகள் தெரியும். இதுதான் அந்த வேலையின் மிக முக்கியமான கணம், அவசரப்பட்டால் தவறிவிடும். விரல் நுழைகிற துளை நண்டு வளையாக இருக்கலாம். கை நுழைகிற அளவு என்றால் எலி. ஒவ்வொன்றையும் அது போகிற வழியிலேயே தோண்டித் திறந்து, முழு நீளத்துக்கும் களிமண் உருண்டை வைத்து மிதிக்க வேண்டும். வாயை மட்டும் மூடினால் உள்ளே குழாய் அப்படியே இருக்கும். நண்டு இன்னொரு வாய் திறந்துகொள்ளும்.

சேற்றுழவு முடிந்ததும் குழைந்த சேற்றை வாரி, செதுக்கிய முகத்தின் மேல் அணைக்க வேண்டும். இதற்கு அண்டை கட்டுதல், அண்டை வைத்தல் என்று ஊருக்கு ஊர் பெயர். 2, 3 அங்குலக் கனம் போதும். மண்வெட்டியின் முதுகால் கீழிருந்து மேலாக இழுத்து வழவழப்பாக்கினால் மேலே ஒரு தோல் படியும். குழைந்த களி காயும்போது துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொள்வதால், நீர் புகாத முகம் கிடைக்கிறது. மணல் கலந்த நிலத்தில் இந்தத் தோல் சரியாகப் படியாது. அங்கே வயலின் தாழ்ந்த மூலையில் படிந்திருக்கும் வண்டலை எடுத்துப் பூசலாம். பூசிய பிறகு தண்ணீர் நிறுத்தத் தாமதமானால் தோல் காய்ந்து வெடிக்கும். அப்படி வெடித்தால் தண்ணீர் தெளித்துத் திரும்ப ஒரு முறை இழுத்துவிட வேண்டியதுதான்.

செதுக்கிய புல்லை வரப்புக்குள் வைத்து மூடாதீர்கள். எல்லோரும் செய்கிற தவறு இது, கண்ணுக்கும் தெரியாது. புல் ஒரு மாதத்தில் மக்கி, அந்த இடம் வெறும் பொந்தாக நிற்கும். கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் ஏன் நிற்கவில்லை என்று தேடினால் காரணம் அங்கே இருக்கும். புல்லைத் தனியே எடுத்து மாட்டுக்குப் போடலாம், குப்பைக்குப் போடலாம்.

கசிவைத் தேடுவது எப்படி

காலையில் வெயில் ஏறுமுன் வரப்பின் வெளிப்பக்கம், அதாவது தாழ்ந்த வயலின் பக்கம் நடந்து பாருங்கள். ஈரத் திட்டு இருந்தால் கசிவு. தெளிந்த நீர் மெல்ல ஊறினால் உடனே ஆபத்து இல்லை. கலங்கல் நீர் வந்தால் அது மண்ணைக் கொண்டுபோகிறது என்று பொருள். துளை ஒவ்வொரு மணி நேரமும் பெரிதாகிக்கொண்டிருக்கிறது. உடனே அடைக்க வேண்டும்.

அடைப்பது எப்போதும் உள்பக்கத்திலிருந்துதான். தண்ணீர் நிற்கும் பக்கத்தில் அந்த நேருக்குப் பார்த்தால் சின்னச் சுழி தெரியும், அல்லது மிதக்கும் தூசி ஓர் இடத்தை நோக்கி நகரும். களிமண் உருண்டையை அங்கே அழுத்தினால் தண்ணீரின் அழுத்தமே அதைத் துளைக்குள் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தில் அடைத்தால் அதே அழுத்தம் அடைப்பைப் பிடுங்கி எறியும். வைக்கோலை அடைப்பது அன்றைய இரவுக்கு மட்டும் உதவும். மறுநாள் எடுத்துவிட்டு மண்ணால் அடைக்க வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுகிற வயலில் இந்தத் தேடல் இன்னும் தேவை. நீர் மறைந்த பிறகு 2.5 சென்டிமீட்டர் மட்டும் கட்டுகிற முறையில், நீர் குடித்தது பயிரா, நண்டு வளையா என்று தெரியாமல் போனால் பாய்ச்சலின் நாள் கணக்கே தவறிவிடும்.

அகலம் எவ்வளவு என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நாற்று முடி சுமந்து வருகிறவருக்கும், அறுவடைக் கட்டைத் தலையில் வைத்து நடக்கிறவருக்கும் அகலமான வரப்பு வேண்டும். ஆனால் எலிக்கும் அதுவே வேண்டும். வளை எடுத்து, குட்டி போட்டு, நெல் சேர்த்து வைக்க அகல வரப்பில்தான் இடம் இருக்கிறது. நடைபாதையாகப் பயன்படும் ஒன்றிரண்டு வரப்பை மட்டும் 2 அடி அகலம் வைத்து அவற்றை விடாமல் கண்காணிக்கலாம். வயலுக்கு நடுவே ஓடும் மற்ற வரப்புகளை அகலத்திலும் உயரத்திலும் 30 சென்டிமீட்டரை ஒட்டி நிறுத்திக்கொள்வதே நல்லது. வரப்பு ஓரத்தில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றினால் களை அடங்கும். பூவுக்கு வரும் பொறிவண்டும் குளவியும் நெல்லின் பூச்சிகளைத் தின்னவும் உதவும். வரப்பை வெறுமனே புல் மண்ட விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மானாவாரி நிலத்து வரப்பு

நஞ்சை வரப்பு நீரை நிறுத்துவதற்கு. மேட்டு நிலத்தின் சம உயர வரப்பு ஓடும் மழைநீரை மெதுவாக்கி மண்ணுக்குள் இறக்குவதற்கு. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் உள்ள புள்ளிகளை இணைத்து வளைந்து வளைந்து போகும். அளவு பெரியது: உயரம் 60, மேல் அகலம் 45 சென்டிமீட்டர், பக்கச் சரிவு உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்தால் அடி 2.25 மீட்டர் வரும், மீட்டருக்கு 0.81 கன மீட்டர் மண். இதை 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு மிதிக்க வேண்டும். மண்ணின் ஈரத்தைப் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், கையில் நீர் ஒட்டக் கூடாது.

ஒரு வரப்புக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம்? மழை குறைந்த பகுதிக்கு எளிய கணக்கு இருக்கிறது. சரிவு விழுக்காட்டை 2-ஆல் வகுத்து, 2-ஐக் கூட்டி, 0.3-ஆல் பெருக்கினால் இரண்டு வரப்புகளுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு மீட்டரில் வரும். 3 விழுக்காடு சரிவுக்கு 1.05 மீட்டர். தரையில் அளந்தால் 35 மீட்டர் இடைவெளி.

ஆழமான கரிசல் மண்ணில் இது தோற்கும். கோடையில் கரிசல் வெடிக்கிறது, வரப்பும் சேர்ந்து வெடிக்கிறது. முதல் பெருமழையில் தண்ணீர் வெடிப்புக்குள் புகுந்து வரப்பைப் பிளந்துவிடும். ஒரு வரப்பு உடைந்தால் அதன் பின்னால் நின்ற நீர் முழுதும் அடுத்த வரப்பின் மேல் விழுந்து அதையும் உடைக்கும். அங்கே சமமட்டத்தை விட்டுவிட்டு, மெல்லிய ஒரு பக்கச் சரிவோடு வரப்பை ஓட்டி, நீரை ஓர் ஓரத்துப் புல் ஓடைக்கு வடிய விடுகிறார்கள்.

வாய்க்கால் வரப்புத் தகராறு

இனி அந்த இரண்டாவது வேலை, நில எல்லை. இரண்டு பேர் நிலத்துக்கு நடுவே நிற்கும் பொது வரப்பில் அண்டை வெட்டும்போது ஒவ்வொரு பருவமும் ஓர் அங்குலம் கூடுதலாகச் செதுக்குகிறவர்கள் உண்டு. 63.6 மீட்டர் நீளமுள்ள 1 அடி வரப்பில் அரை அடியைச் செதுக்கி எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கிடைத்த நிலம் 9.7 சதுர மீட்டர். 1 சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர், ஆக இது கால் சென்ட் கூட இல்லை. இழந்தது அதைவிடப் பெரிது. நீர் கசிந்து போகும் வழியின் நீளம் பாதியாகிவிட்டதால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நடக்க இடம் இருக்காது. நடக்கிறவர் கால் வைத்த இடமெல்லாம் உச்சி சரிந்து, தாழ்ந்த இடம் உண்டாகி, பெருமழையில் அதுவே வாய் பிளக்கும். மேல் வயல்காரருக்குத் தண்ணீர் நிற்காது, கீழ் வயல்காரருக்கு வேண்டாத நேரத்தில் தண்ணீர் வரும். எல்லையை நகர்த்தியவருக்கும் சேர்த்துத்தான் இந்த இழப்பு.

சட்டத்தின் கண்ணில் எல்லை என்பது புலப்படத்தின் கோடும் சர்வே கல்லும்தான். வரப்பு அந்தக் கோட்டின் மேல் மண்ணில் வைத்த அடையாளம். அது நகர்ந்ததால் கோடு தானாக நகர்ந்துவிடாது. சந்தேகம் இருந்தால் அளவைக்கு மனுக் கொடுத்து, கல்லைப் பார்த்து, நடுக்கோட்டில் கயிறு கட்டிக்கொள்ளலாம். பிறகு கயிற்றிலிருந்து இரண்டு பக்கமும் சம அகலத்தில் வரப்பைத் திரும்ப எழுப்ப வேண்டும். அப்போது மெலிந்த பழைய வரப்பின் மேல் புதுச் சேற்றை அப்படியே அப்பினால் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, முதல் மழையிலேயே புது மண் தனியாகக் கழன்று வயலில் சரியும். பழைய முகத்தை நனைத்து, படி படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் புது மண்ணை வைத்து மிதித்து ஏற்றுங்கள்.